புல்மலை ஏறுவோர் கவனத்துக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீசன் நெருங்கினாலே நாளிதழ்களின் சுற்றுலாப் பக்கத்தில் நீலகிரி மேல்மலைப் புல்வெளியின் படம் வந்துவிடுகிறது. தங்கள் நாளிதழின் வார இறுதிப் பக்கத்திலும் வந்திருந்தது. நம் ஊரிலேயே ஒரு ஸ்காட்லாந்து என்று கீழே நாலு வரி. படம் கண்ணை நிறைத்தது. ஆனால் அதைப் பார்த்துப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவருக்கு வேண்டிய தகவல் எதுவும் அதில் இல்லை. அனுமதி எங்கே வாங்குவது, எந்த மாதம் வரவே கூடாது, எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்குவது, காலை எங்கே வைப்பது, எங்கே வைக்கக் கூடாது என்பதையெல்லாம் யாராவது எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறோம். கடிதம் நீளம்தான். இடம் போதாமல் குறைக்க நேர்ந்தால், பாதை அரிப்பைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஸ்காட்லாந்து என்ற ஒப்பீட்டில் உண்மை இல்லாமல் இல்லை. அங்கே ஹைலேண்ட்ஸ் எனப்படும் மலைப்பகுதியில் முழங்கால் உயரத்துக்கு ஹெதர் என்ற குற்றுச்செடி சரிவு சரிவாகப் படர்ந்திருக்கும். ஆகஸ்டில் பூத்தால் மலை முழுக்க ஊதா. இங்கே அந்த வேலையைச் செய்வது நீலக்குறிஞ்சி. ஹெதர் ஆண்டுதோறும் பூக்கும். குறிஞ்சிக்கு 12 ஆண்டு வேண்டும். ஹெதருக்கு நம் மலையில் சொந்தங்களும் உண்டு. சோலை ஓரத்தில் இரத்தச் சிவப்பாகப் பூத்து நிற்கும் காட்டுப்பூவரசும், உதகைக் கடைகளில் மூட்டு வலிக்கு விற்கிற விண்டர்கிரீன் தைலத்தைத் தரும் செடியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். மூன்றும் புளிப்பேறிய, சத்துக் குறைந்த மண்ணில் பிழைக்கப் பழகியவை.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இந்த இரண்டு மலைகளும் காலுக்கு வேறு வேறு. முதலில் உயரம். ஸ்காட்லாந்தின் மிக உயர்ந்த மலையான பென் நெவிஸ் 1,345 மீட்டர்தான். உதகைக் கடைவீதியே 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது; தொட்டபெட்டா 2,637 மீட்டர். 2,500 மீட்டரில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து விடிந்ததும் ஏறத் தொடங்குகிறவருக்கு முதல் 200 மீட்டர் ஏற்றத்திலேயே மூச்சு இரைப்பது உடல் பலவீனம் அல்ல, காற்றின் கணக்கு. ஒரு நாள் உதகையிலோ கொடைக்கானலிலோ தங்கி ஊருக்குள்ளேயே நடந்து பழகிவிட்டு மறுநாள் ஏறினால் பாதிச் சிரமம் குறையும்.

அடுத்தது, மரம் ஏன் இல்லை என்பது. ஹைலேண்ட்ஸ் மலைகள் மொட்டையாக இருப்பதற்கு மரம் வெட்டியதும், ஆடும் மானும் கன்றுகளை மேய்ந்ததும், ஹெதரைத் திரும்பத் திரும்பக் கொளுத்தியதும் பெரிய காரணங்கள். அதனால் அங்கே இன்று மரம் நடுகிறார்கள். நம் மேல்மலையில் புல்தான் ஆதி. குளிர்கால இரவில் கனத்த குளிர்காற்று சரிந்து வந்து திறந்த பள்ளங்களில் தேங்கி உறைபனியாகும்; சோலை மரங்களின் இளங்கன்று அதைத் தாங்காது, கருகிப்போகும். மடிப்புகளில் ஈரமும் மறைவும் உள்ள இடத்தில் சோலை, மற்ற இடத்தில் புல் என்று மலை தானாகப் பங்கு போட்டு வைத்திருக்கிறது. இது தெரியாமல், தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் புல்வெளியில் சீகை மரத்தை நட்டார்கள். பழனி மலையில் 40 ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மிச்சமிருப்பது அவ்வளவுதான் என்ற நினைப்போடு அதில் கால் வைக்க வேண்டும்.

புல்மேடுகளுக்கு நடுவே தாழ்ந்த இடங்களில் சதுப்பு இருக்கும். ஹைலேண்ட்ஸிலும் உண்டு. செடிகொடி மட்காமல் அழுந்தி ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்து உண்டாகிற கறுப்பு மண் அது. ஸ்காட்லாந்தைப் பனிப்பாறை மூடியிருந்ததால் அங்கே சதுப்பு உருவாகத் தொடங்கியது அது விலகிய பிறகுதான். இங்கே பனிப்பாறை வரவில்லை. நீலகிரியின் சில சதுப்புகளின் அடிமண் 20,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. வெயில் காலத்திலும் ஓடை ஓடுவது அந்தப் பஞ்சு பிடித்து வைத்த தண்ணீரால். குறுக்கே நடந்தால் தூரம் மிச்சம் என்று சதுப்பில் இறங்கினால் கணுக்கால்வரை புதையும். அங்கே பதிந்த தடம் பிறகு வாய்க்காலாகி, அதன் வழியே சதுப்பின் தண்ணீர் வடிந்துபோகும். எப்போதும் சுற்றிப் போகும் மேட்டுப் பாதையே சரி.

சட்டமும் வேறு. 2003-இல் வந்த நிலச்சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் பொறுப்போடு நடப்பவர் யாரும் பெரும்பாலான மலைகளில் அனுமதி கேட்காமல் நடக்கலாம். அங்கே புலி இல்லை, யானை இல்லை. இங்கே புல்மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு, தேசியப் பூங்கா அல்லது சரணாலயம். முக்குருத்தி தேசியப் பூங்காவிலோ கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்திலோ வேலியும் பலகையும் இல்லாத இடத்தில் நுழைந்தாலும் அத்துமீறல்தான். முறையான வழி, 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் முன்பதிவு செய்வது. தொடங்கியபோது 40 தடங்களை அறிவித்தார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். உள்ளூர் மக்களிலிருந்து பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார். முதல் தடவை வருகிறவர்கள் உதகை கேர்ன்ஹில்லோ கோத்தகிரி லாங்வுட் சோலையோ போய்ப் பார்த்துவிட்டு, அதன் பிறகு அவலாஞ்சிப் பக்கம் கொல்லாரிபெட்டா போன்றவற்றை நினைக்கலாம். சொந்த வண்டியில் வருவோருக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் தனி. நடை அனுமதி இருக்கிறது என்பதற்காக இ-பாஸ் தானாக வந்துவிடாது, இரண்டையும் எடுக்க வேண்டும்.

தீக்காலத்தில் தடங்களை மூடிவிடுவார்கள். வழக்கமாகப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை. இதைப் பலர் அரசுத் துறையின் கெடுபிடியாக நினைக்கிறார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். காய்ந்த புல் சரிவில் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தீ சமதரையில் ஓடுவதைவிடச் சரிவில் மேல்நோக்கி வேகமாக ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், 20 டிகிரிக்கு நாலு மடங்கு. சுவாலை மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதுதான் காரணம். எனவே எங்காவது புகை தெரிந்தால் மேலே ஓடக் கூடாது. பக்கவாட்டில் விலகி, ஈரச் சோலையையோ, வெறும் பாறையையோ, ஏற்கெனவே எரிந்து கருகிய தரையையோ அடைய வேண்டும். பள்ளமான மடிப்பு வழியாக மட்டும் போகக் கூடாது. அது புகைபோக்கி போல வேலை செய்யும். அனுமதி உள்ள மாதத்திலும் தீப்பெட்டி, பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் பையில் இருக்க வேண்டாம்.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் தந்த ஒரு நல்ல வாய்ப்பாடு உண்டு. 1892-இல் நெய்ஸ்மித் என்ற மலையேறி சொன்னது. மணிக்கு 5 கிலோமீட்டர். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். 4 கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் 48 நிமிடமும் 30 நிமிடமும் சேர்த்து 1 மணி 18 நிமிடம். இது பழகிய கால்களுக்கு, அந்த ஊர் உயரத்துக்கு. இங்கே அதில் பாதியைக் கூட்டி 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோ 60 வயதைத் தாண்டியவர்களோ கூட்டத்தில் இருந்தால் இரண்டரை. இறங்க ஒன்றரை மணி நேரம். காலை 7 மணிக்கு நடக்கத் தொடங்கினால் 9 அல்லது 9.30-க்கு உச்சி, அரை மணி நேரம் இருந்துவிட்டு 12-க்குள் கீழே. கூட்டத்தின் வேகம் அதில் மிக மெதுவானவரின் வேகம்தான். அவரை முன்னால் விட்டு நடக்க வேண்டும், கடைசியில் தனியே விடக் கூடாது.

12 மணி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெயில் ஏறிய பிறகு சமவெளியின் ஈரக்காற்று சரிவில் ஏறி, மேலே வந்து மேகமாகிவிடும். காலையில் பவானி ஆற்றுப் பள்ளத்தாக்குவரை தெரிந்த மலையில் ஒரு மணிக்கு முன்னால் போகிறவரின் முதுகு தெரியாது. புல்மலையில் அடையாளத்துக்கு மரமோ வேலியோ இல்லாததால் மேட்டுக்கு மேடு ஒன்றுபோலவே இருக்கும். மூடுபனி இறங்கிவிட்டால் பாதையை விட்டு ஓர் அடியும் நகராமல் உட்கார்ந்துகொள்வது நல்லது. பெரும்பாலும் அரை மணியில் விலகும். பாதையைத் தேடிச் சுற்றுகிறவர்கள்தான் தொலைகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடி மழை உண்டு. மொட்டை மேட்டில் நாம்தான் உயரமான பொருள். இடி கேட்டதும் முகட்டை விட்டுக் கீழே இறங்கி, தனி மரத்தடியைத் தவிர்த்து, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுக் குந்தி உட்கார வேண்டும்.

மழை மலைக்கு மலை மாறும். அவலாஞ்சி, அப்பர்பவானி, முக்குருத்தி ஆகிய மேற்குப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் பதிவானது 80 செ.மீ.-க்கும் மேல். கோத்தகிரி, குன்னூர், பழனி மலைக்கு அக்டோபர், நவம்பர்தான் கனமழை. ஊட்டியில் மழையா என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது, எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும்.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வீதம் குறையும்; மேட்டுப்பாளையத்தைவிட உச்சியில் 15 டிகிரி குளிர் கூடுதல், காற்று தனி. கனமான ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லிய இரண்டு அடுக்கும், மேலே காற்றும் மழையும் புகாத ஜெர்கினும் மேல். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் உலராது. உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில்; மலை மாவட்டத்தில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ஒரு பாக்கெட் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி. டார்ச். குளிராக இருந்தாலும் தொப்பி. இந்த உயரத்து வெயில் தெரியாமல் சுடும்.

இனிப் பாதை. நாங்கள் எழுத வந்ததே இதற்குத்தான்.

மேல்மலைப் புல் கொத்துக் கொத்தாக வளரும். அதன் உயிர் தரையோடு ஒட்டியிருக்கும் அடித்தூரில் இருக்கிறது. நுனியை மாடு மேய்ந்தாலும் தீ தின்றாலும் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். தூரையே திரும்பத் திரும்ப மிதித்தால் துளிர்க்காது. தூர் செத்ததும் கீழே இருக்கும் கறுப்பு மேல்மண் இறுகுகிறது. இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காமல் மேலேயே ஓடுகிறது. கால்தடம் சரிவில் நேர் மேலாகப் போயிருந்தால் அந்த ஓட்டத்துக்கு அதுவே வாய்க்கால். இரண்டு மழைக்காலத்தில் கறுப்பு மண் போய் அடியிலுள்ள செம்மண் தெரியும். வழுக்குகிறது என்று அடுத்து வருகிறவர்கள் பக்கத்துப் புல்லில் ஏறுவார்கள். அது இரண்டாவது வாய்க்கால். அப்படியே மூன்றாவது. ஓர் அடி அகலப் பாதை பத்தடி அகலச் சிவப்புப் புண்ணாவது இப்படித்தான்.

உறைபனி இதை இன்னும் மோசமாக்கும். ஜனவரிக் காலையில் புல் அழிந்த பாதை ஓரத்தில் குனிந்து பாருங்கள். மண்ணுக்குள்ளிருந்து தலைமுடிபோல மெல்லிய பனி ஊசிகள் ஒரு விரல்கடை உயரத்துக்கு நெருக்கமாக எழுந்து நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிட்டிகை மண்ணும் பொடிக்கல்லும். கால் பட்டால் நொறுங்கும் சத்தம் கேட்கும். ஒன்பது மணி வெயிலில் ஊசி உருகியதும் தூக்கிய மண் உதிரியாகக் கீழே விழும். இரவுக்கு இரவு இது நடந்து, மழை வரும்போது அள்ளிக்கொண்டு போக வாகாக மாவு மாதிரி மண் காத்திருக்கும். புல் மூடிய தரையில் இந்த ஊசி எழுவதில்லை, புல்போர்வை மண்ணின் சூட்டைக் காக்கிறது.

ஆகவே நடப்பவர் செய்ய வேண்டியது: பாதை இருக்கும் இடத்தில் அதன் நடுவிலேயே, ஒருவர் பின் ஒருவராக நடப்பது. சேறாக இருந்தால் சேற்றில்தான் மிதிக்க வேண்டும், ஓரப் புல்லில் அல்ல. அதற்காகத்தான் கணுக்காலை மூடும், பற்கள் ஆழமான காலணி. வளைந்து வளைந்து போகும் பாதையில் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு நேரே குதித்து இறங்குவதுதான் மிகப்பெரிய கேடு. ஏறும்போது யாரும் குறுக்குவழி போவதில்லை, மூச்சு விடாது. இறங்கும்போதுதான் போகிறார்கள், மிச்சமாவது ஒன்றிரண்டு நிமிடம். ஜனவரிக்குப் பிறகு காய்ந்த புல் வைக்கோல்போல வழுக்கும்; நனைந்த புல்லைவிட அதில்தான் கணுக்கால் பிசகுவது அதிகம். இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கி, அடியைக் குறுக்கி, பாதம் முழுவதும் பதிய வைக்க வேண்டும். ஊன்றுகோலின் இரும்பு முனைக்கு ரப்பர் மூடி போட்டால் பாதை ஓரம் துளைபடாது.

பாதையைப் பராமரிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஹைலேண்ட்ஸில் இதே சிக்கல் வந்து, கல் வேலையால் பல மலைப்பாதைகளை மீட்டிருக்கிறார்கள். அந்தத் தொழில்நுட்பம் நம் கொத்தனார்களுக்குப் புதிதல்ல. முதலாவது குறுக்குக் கல் வடிகால். பாதைக்குக் குறுக்கே, நேர் குறுக்காக இல்லாமல் 45 முதல் 60 டிகிரி சாய்வாக, கனத்த கற்களை வரிசையாகப் புதைக்க வேண்டும். கல்லின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். மேலிருந்து ஓடி வரும் நீர் கல்லில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பி, குறைந்தது ஒரு மீட்டர் தள்ளிப் புல்லில் பரவ வேண்டும். நேர் குறுக்காக வைத்தால் நீர் தேங்கி, வண்டல் நிரம்பி, அடுத்த மழையில் கல்லுக்கு மேலேயே வழியும். ஆண்டுக்கு ஒருமுறை வண்டலை மண்வெட்டியால் வாரிவிடாவிட்டால் போட்டது வீண். மேற்குப் பக்கத்துக்கு மே மாதக் கடைசியிலும், கோத்தகிரிக்கும் பழனி மலைக்கும் செப்டம்பர் கடைசியிலும் வார வேண்டும்.

சரிவு கடுமையாக இருக்கும் துண்டுகளுக்குக் கற்படி. கீழிருந்து மேலாகத்தான் போட வேண்டும். மேல் கல் கீழ்க் கல்லின் தோளில் சாய்ந்து நிற்பதே அதன் பலம். கல்லின் நீண்ட பக்கம் மண்ணுக்குள் செங்குத்தாக இறங்க வேண்டும், பலகைபோலப் படுக்க வைத்தால் ஆடும். இடுக்கில் மண்ணை அடைக்காமல் சிறு கற்களைச் சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டும். படியின் உயரம் 15 முதல் 20 செ.மீ.; அதைவிட உயர்ந்தால் மக்கள் படியை விட்டுப் பக்கத்துப் புல்லில் ஏறுவார்கள், போட்ட நோக்கமே கெடும். தோண்டும்போது புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளை எறியாமல் நிழலில் ஈரமாக வைத்து, புல் மேலே இருக்கும்படி படியின் இரு ஓரமும் பதித்தால் மழைக்குள் வேர் பிடிக்கும். சிமென்ட் படி வேண்டவே வேண்டாம். நீர் அதன் அடியில் புகுந்து மண்ணை அரித்துவிடும், சில ஆண்டில் படி அந்தரத்தில் தொங்கும். புதிதாகப் பாதை எடுப்பதானால் 10 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டருக்கு மேல் ஏறாதபடி சரிவை அணைத்துக்கொண்டு எடுப்பதே நிலைக்கும்.

காலணியைப் பற்றி இன்னொன்று. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் நினைவாகக் கொண்டுவந்த மஞ்சள் பூச்செடிகள் இரண்டு, முள் நிறைந்த கார்ஸும் முள்ளில்லாத ஸ்காட்ச் புரூமும், நீலகிரிப் புல்வெளியில் பரவிக் கிடக்கின்றன. படத்துக்கு அழகாக இருக்கும். புரூமின் காய் வெயிலில் வெடித்து விதையைத் தெறிக்கும். கார்ஸ் விதை மண்ணுக்குள் 30 ஆண்டுகூட உறங்கும், தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். விதை ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போவதற்குக் காலணிப் பற்களில் ஒட்டிய சேறே போதும். நடையை முடித்த இடத்திலேயே பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அடிப்பாகத்தைத் தேய்த்து, சேற்றை அங்கேயே விட்டுவிட்டு வண்டியில் ஏறுங்கள்.

உச்சியில் கல்மேல் கல் அடுக்கிப் படம் எடுக்கும் பழக்கமும் பெருகியிருக்கிறது. ஹைலேண்ட்ஸில் மலை உச்சியைக் காட்டக் கற்குவியல் வைப்பது வழக்கம். கேர்ன் என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். நீலகிரியில் பல மேடுகளின் தலையில் கிடக்கும் கற்கள் பழங்கால ஈமச் சின்னங்களின் கற்கள். ஒன்றை நகர்த்தினாலும் ஒரு தடயம் போயிற்று. சாதாரணக் கல்லானாலும் அதன் அடியில் அரணையும் தவளையும் குடியிருக்கும். தோடர்களுக்கு இந்தச் சிகரங்கள் பல தெய்வங்களின் இருப்பிடம். வழியில் அவர்களின் குடியிருப்பான மந்து தென்பட்டால் அழைக்காமல் உள்ளே போவதும், கூம்புக் கோயிலை நெருங்குவதும் கூடாது.

வரையாட்டைப் பார்ப்பது பெரும் பேறு. அதற்கு ஆபத்து வந்தால் ஓடி ஒதுங்க இருப்பது செங்குத்துப் பாறை மட்டுமே. மந்தைக்கும் பாறைக்கும் நடுவில் நாம் போய் நின்றுவிட்டால் அது எங்கே போகும்? ஜனவரியிலிருந்து மார்ச் வரை குட்டியோடு இருக்கும், அப்போது இன்னும் தள்ளி நிற்க வேண்டும். காட்டெருமை தலையைத் திருப்பாமல் உடலைப் பக்கவாட்டில் காட்டி நின்றால், தன் பருமனைக் காட்டி எச்சரிக்கிறது என்று பொருள். முதுகைக் காட்டாமல், பேசாமல், பின்னால் நடந்து 50 மீட்டராவது விலக வேண்டும். செல்பிக்காக நெருங்குவது அந்த நேரத்தில்தான் நடக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து புல்லில் இருக்கும் பொடிப் பூச்சி. ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைத் தருவது அதுதான். வெறும் புல்லில் உட்காராமல் விரிப்புப் போட்டு உட்கார்ந்து, பேன்ட் நுனியைக் காலுறைக்குள் செருகி, திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியை வெந்நீரில் அலசினால் பெரும்பாலும் தப்பலாம். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், அக்குளிலோ இடுப்பிலோ வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து, மலைப் புல்லில் நடந்தேன் என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் வைத்தியம் எளிது. சொல்லாததால் சாதாரணக் காய்ச்சல் என்று நாள் கடத்தி உறுப்புகள் கெடுகின்றன. மழைக்காலத்துச் சோலை அட்டையை இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும்.

கடைசியாகக் குறிஞ்சி. நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது; அடுத்தது 2030. இடைப்பட்ட ஆண்டுகளில் குறிஞ்சி பூத்தது என்று வரும் செய்திகளில் பல அதன் உறவுச் செடிகளைப் பற்றியவை. நீலக்குறிஞ்சி பூத்து, விதைத்து, செத்துவிடும். விதை விழுவதற்குள் செடிக்கூட்டத்துக்குள் புகுந்து மிதித்தாலும், ஒடித்தாலும், அடுத்த 12 ஆண்டுக்கான முதல் அங்கேயே போய்விடுகிறது. பூக்கும் காலம் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, அதாவது மேற்குப் பக்கத்தில் மண் ஊறிக் கிடக்கும் காலம். பாதை மிகப் பலவீனமாக இருக்கும் மாதங்களில்தான் மிகப்பெரிய கூட்டம் ஏறப்போகிறது. பெயர்த்துப் பதித்த புல் கூட்டத்தைத் தாங்க இரண்டு மழைக்காலமாவது வேர் பிடிக்க வேண்டும். ஆகவே வடிகாலும் கற்படியும் 2028 பருவமழைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், 2030-இல் டெண்டர் விட்டுப் பயனில்லை.

தங்களிடம் கேட்பது இரண்டு. புல்மலையின் படம் போடும்போது, தடம் திறந்திருக்கும் மாதங்களையும் முன்பதிவு செய்யும் வழியையும் இரண்டு வரியாகப் பக்கத்திலேயே போடுங்கள். 2030-இல் குறிஞ்சி பூத்த செய்தி வரும்போது, பூவின் படத்தைத் தாராளமாகப் போடுங்கள், மலையின் பெயரைச் சொல்லுங்கள். அது எந்த மேட்டில், எந்தத் திருப்பத்தில் பூத்திருக்கிறது என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மலைநடை வழிகாட்டிகள் சிலர்,
உதகை மற்றும் கோத்தகிரி